ஐயத்தின் ஒழுங்கு

பல உறுப்புகள் கூடி இயங்கும் எதுவும் ஒருநாள் பழுதுபட்டே தீரும். நீரிறைக்கும் பொறியோ, ஆயிரம் பேர் உழைக்கும் ஆலையோ, விண்ணிற் செல்லும் கலமோ, எதுவாயினும் அது நின்றுபோகும் பொழுதில் அருகிருப்பவர் மனம் பழுதைத் தேடுமுன்பே பழிக்குரியதைத் தேடத் தொடங்கிவிடுகிறது. கடைசியாகத் தொட்டவர் யார், முன்பும் தொல்லை தந்த உறுப்பு எது, யார்மேல் நமக்குப் பழைய மனக்கசப்பு உண்டு என்னும் நினைவுகளே முந்திக்கொண்டு வருகின்றன. ஐயுறுதல் குற்றமன்று, ஐயமின்றி ஆய்வு பிறவாது. ஆயினும் ஐயத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எதை முதலில் ஐயுறுவது, எவ்வளவு ஐயுறுவது, எப்போது அந்த ஐயத்தைக் கைவிடுவது என்பவற்றை ஒருவர் எவ்வாறு முடிவுசெய்கிறாரோ அதிலேயே அவருடைய பண்பு வெளிப்பட்டுவிடுகிறது.

பழுதாய்வைப் பொறியியலின் ஒரு சிறு கிளையாகவே கருதிப் பழகிவிட்டோம். ஆனால் ஒவ்வொரு சோதனையும் யாரோ ஒருவருடைய நேரத்தையோ பொருளையோ பொறுமையையோ, மருத்துவமாயின் குருதியையோ, செலவிட்டே நடைபெறுகிறது. ஆகவே சில சோதனைகளால் உண்மையை எட்டும் வழியை நாடுதல், பிறர் உடைமையைக் கையாள்பவருக்கு உரிய கடமைகளுள் ஒன்றாகிறது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் ஒருசேரக் கடிந்தார். அவர் பேசியது வினைக்கு உரியாரைத் தேர்வது பற்றி. எனினும் உறுப்புகளைத் தேர்பவருக்கும் அந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவேதான் வழி இருக்கிறது.

எல்லோரும் அறிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்கலாம். வீட்டின் மின்கசிவுக் காப்புக் கருவி திடீரென மின்சாரத்தைத் துண்டிக்கிறது. கையால் மீண்டும் ஏற்றினால் மீண்டும் விழுகிறது. அவ்வீட்டில் எட்டு மின்சுற்றுகள் இருப்பதாகக் கொள்வோம். பதற்றமுடையவர் குளியலறையின் வெந்நீர்க் கலன்மேல் ஐயுற்று அதை மட்டும் பிடுங்கிப் பார்ப்பார், பின் குளிர்பதனப் பெட்டி, அதன்பின் நீரேற்றி. நற்பேறு துணைநின்றால் இரண்டாம் முறையிலேயே அகப்படும்; இல்லையேல் ஏழாம் முறைவரை செல்லும். தேர்ந்த மின்பணியாளரோ எட்டையும் அணைத்துவிட்டு நான்கை மட்டும் ஏற்றுவார். கருவி விழுந்தால் பழுது அந்த நான்கில். விழாவிட்டால் மற்ற நான்கில். அடுத்து இரண்டு, அதற்கடுத்து ஒன்று என மூன்றே வினாக்களில் இடம் தெரிந்துவிடும். உறுப்புகள் பெருகப் பெருக இவ்விரு வழிகளுக்கும் உள்ள இடைவெளி மலைக்கவைக்கும். ஆயிரத்துள் ஒன்று மட்டுமே பழுதெனின், ஒவ்வொன்றாய்ப் பார்ப்பவர் 999 முறைவரை உழல நேரும். பாதிபாதியாய்ப் பகுத்துச் செல்பவருக்கு 10 முறை போதும்.

இந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நடுவில் வெட்டிக் கேட்கப்படும் வினாவுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும் ‘இல்லை’ என்று வந்தாலும் அறியாமை பாதியாய்க் குறைகிறது. கேட்பவருக்கு எந்த விடையின்மேலும் தனி விருப்பம் இல்லை; விருப்பம் இருக்கத் தேவையும் இல்லை. வெந்நீர்க் கலனை மட்டும் பிடுங்கிப் பார்த்தவர் கேட்ட வினா வேறு வகையானது. தாம் முன்னரே முடிவுகட்டியதற்கு ஒப்புதல் தேடும் வினா அது. ‘இல்லை’ என்று விடை வந்தால் எட்டில் ஒன்று மட்டுமே குறையும், ஏமாற்றமோ மிகும். வாழ்நாள் முழுவதும் இவ்வகை வினாக்களையே கேட்டுப் பழகியவர்கள் உண்டு. மகன் தேர்வில் தவறினால் அவனுடைய நண்பனைக் கேட்பார்கள்; வணிகம் சரிந்தால் கணக்கரைக் கேட்பார்கள்; உடல் தளர்ந்தால் சமைத்தவரைக் கேட்பார்கள். அறுபது வயதில் அவர்கள் கையில் எஞ்சுவது குற்றவாளிகளின் நீண்ட பட்டியல். எந்தப் பழுதின் இடத்தையும் அவர்கள் அறிந்தாரில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைத் தாண்டிச் செல்லக்கூடாது. பாதியாய்ப் பிரித்துவிட்டதாக நாம் எண்ணியது உண்மையில் பிரிந்திருக்கவேண்டும். வீட்டு மின்சுற்றுகளின் தனித்தனி நிறுத்திகள் பெரும்பாலும் மின்கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. திரும்பும் கம்பி இணைந்தபடியே இருக்கிறது. அந்தத் திரும்பும் கம்பி எங்கேனும் நிலத்தொடுப்போடு தொட்டுக்கொண்டிருந்தால், நிறுத்தியை அணைத்தபின்னும் அப்பழுது காப்புக் கருவியை வீழ்த்தவல்லது. அணைத்ததை விலக்கியதாகக் கொண்டவர் குற்றமற்ற நான்கின்மேல் நாள் முழுவதும் ஐயுற்றுக் கொண்டிருப்பார். அதனால்தான் பட்டறிவுடையவர் இரு கம்பிகளையும் கழற்றிவைத்துப் பார்க்கிறார். ஒருவரை ஓர் அலுவலிலிருந்து விலக்கிவைத்துவிட்டோம், இனி அங்கு நிகழ்வதற்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று கருதும் தலைவர்களும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பெயர்ப்பலகையை எடுத்துவிடலாம், அவர் வகுத்துவைத்த நடைமுறை இணைந்தபடியே இருக்கும்.

எல்லா உறுப்புகளும் ஒரே அளவு பழுதுபடக் கூடியவை அல்ல. எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே அளவு செலவும் ஆவதில்லை. ஒவ்வொன்றாய்த்தான் பார்க்கமுடியும் என்ற நிலை வரும்போது, பழுதாக இருக்கும் வாய்ப்பை அதைச் சோதிக்கும் செலவால் வகுத்து, எது மிகுதியோ அதை முதலில் பார்ப்பதே சிக்கனமான வரிசை என்பதைக் கணிதம் காட்டியிருக்கிறது. நீர் வராத குழாய்க்கு நிலத்தைத் தோண்டுமுன் திருகைத் திறந்து பார்ப்பது இதுவே. செலவைக் கணக்கிடும்போது சோதிப்பவருடைய செலவை மட்டும் எண்ணுவது வழக்கமாகிவிட்டது. ஒரு பணியாளரை அழைத்துக் கேட்பது மேலாளருக்கு எளிது. அழைக்கப்பட்டவருக்கு அது பல நாள் உறக்கத்தைக் கெடுக்கும். எளியவர்மேல் நிகழ்த்தும் சோதனை எப்போதும் செலவு குறைந்ததாகத் தோன்றுவது, கணக்கில் ஒரு நிரலை விட்டுவிட்டதால்தான்.

பாதியாய்ப் பகுத்தலுக்கு மாறான இன்னொரு பழக்கமும் உண்டு: அனைத்தையும் ஒரே வேளையில் மாற்றிவிடுதல். வயிற்று வலியால் துன்புற்ற ஒருவர் பாலையும் கோதுமையையும் பருப்பையும் காரத்தையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறார், வலி நிற்கிறது. மகிழ்ச்சிதான். எதனால் வலித்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பால் ஒன்றே ஒவ்வாததாய் இருந்திருக்கக்கூடும். மற்ற மூன்றையும் தேவையின்றித் துறந்தே எஞ்சிய வாழ்நாளைக் கழிப்பார், விருந்துக்குச் சென்ற இடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். மருத்துவர்கள் இதற்காகவே விலக்கிய உணவுகளை இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாய்த் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார்கள். துன்பம் தீர்ந்தபின்னும் ஆய்வைத் தொடர்வதற்கு ஒரு தனி மனவுறுதி வேண்டும். வலிக்கும்போது எல்லோரும் ஆய்வாளர்களே.

இனி, ஐயத்தைக் குழுவாகக் கொள்ளுதல் பற்றி. 1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இராபர்ட் டோர்ஃப்மன் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். படையில் சேர வருவோர் ஒவ்வொருவருடைய குருதியும் மேகநோய்க்காகத் தனித்தனியே சோதிக்கப்பட்டுவந்தது. பெரும்பாலோருக்கு அந்நோய் இல்லை. பலருடைய குருதியில் சிறிதுசிறிது எடுத்து ஒன்றாய்க் கலந்து ஒரே சோதனை செய்தால் என்ன என்று அவர் கேட்டார். கலவையில் நோயின் அடையாளம் இல்லையெனில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விடுவிக்கப்படுவர். இருந்தால் மட்டுமே அக்குழுவினரைத் தனித்தனியே சோதிக்கவேண்டும். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருக்குமிடத்தில் 11 பேர் கொண்ட குழுக்களாய்ப் பிரித்தால், 100 பேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 20 சோதனைகளே போதும் என்பது அவர் வழியில் கிடைக்கும் கணக்கு.

அந்தக் கணக்கின் மறுபக்கம் இன்னும் ஆழமானது. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் எனின் உகந்த குழு நால்வராய்ச் சுருங்குகிறது. சோதனைகள் 60-ஐ நெருங்குகின்றன. மூவரில் ஒருவருக்கு நோய் என்ற நிலை வந்துவிட்டால் குழுவாக்கலால் எந்தப் பயனும் இல்லை; ஒவ்வொருவராய்ப் பார்ப்பதே நன்று. 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றின்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 5 மாதிரிகள்வரை கலந்து சோதிக்க இசைவு தந்தபோதும் இதே அளவுணர்வு காணப்பட்டது. தொற்று 2 விழுக்காட்டுக்குக் கீழிருந்த பகுதிகளுக்கு அம்முறை பரிந்துரைக்கப்பட்டது. 5 விழுக்காட்டைத் தாண்டிய இடங்களில் கூடாது என்று விலக்கப்பட்டது. மிகுதியாய்க் கலந்தால் ஒருவருடைய நோய்க்கூறு மற்றவர் மாதிரியில் நீர்த்து மறைந்துபோகும் என்ற அச்சமும் அந்த ஐந்து என்னும் வரம்புக்குப் பின்னே இருந்தது.

நம்பிக்கை மிகுந்த சமூகத்தில் பலரை ஒருங்கே நம்பி விடுவிக்கலாம். ஆயிரம் பேரின் நேரம் மிஞ்சும். தீமை பரவிய இடத்தில் அந்த வசதி அழிந்துவிடுகிறது. அங்கு ஒவ்வொரு வாயிலிலும் சோதனை, ஒவ்வொரு தாளுக்கும் சான்றொப்பம், ஒவ்வொரு சொல்லுக்கும் சாட்சி. ஓர் அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதுபவர் ஒருவராய் இருக்கும்வரை மற்றவர்கள் குழுவாக நம்பப்படுகிறார்கள். அத்தகையோர் எண்ணிக்கை பெருகப் பெருக நேர்மையாளரின் நாளும் சோதனைகளில் கரைகிறது. ஒருவர் தம் ஒழுக்கக்கேட்டுக்குத் தாம் மட்டுமே விலைகொடுப்பதாக எண்ணுவாராயின், டோர்ஃப்மனுடைய கணக்கை அவர் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

இதுவரை சொன்னவை அனைத்தும், பழுது ஏதேனும் ஓர் உறுப்பில் இருக்கிறது என்னும் எண்ணத்தின்மேல் நிற்பவை. அந்த எண்ணமே தவறாகும் இடங்கள் உண்டு. மீண்டும் அந்த வீட்டுக்குச் செல்வோம். மின்பணியாளர் முதல் நான்கு சுற்றுகளை ஏற்றுகிறார், கருவி விழவில்லை. அவற்றை அணைத்துவிட்டு மற்ற நான்கை ஏற்றுகிறார், அப்போதும் விழவில்லை. எட்டையும் ஏற்றினால் விழுகிறது. பொறுமையற்றவர் கருவியே கெட்டுவிட்டது என்று தூக்கியெறிவார். வீட்டுக் காப்புக் கருவிகள் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு வகுக்கப்பட்டவை. அதற்குச் சற்றுக் கீழேயே செயற்படத் தொடங்குபவை. நல்ல நிலையிலுள்ள சாதனங்களிலும் ஓரிரு மில்லி ஆம்பியர் கசிவது இயல்பே. தனித்தனியே எதுவும் வரம்பு மீறவில்லை. கூடும்போது வரம்பு உடைகிறது. குற்றமுள்ள உறுப்பு என்று சுட்டிக்காட்ட அங்கு ஒன்றுமில்லை.

இப்படிச் சேர்க்கையில் மட்டும் தோன்றும் பழுதுகளைப் பிடிக்க, மென்பொருள் ஆய்வாளர்கள் ஒரு நுண்ணிய முறையை வளர்த்திருக்கிறார்கள். ஏற்றலும் அணைத்தலும் உள்ள 10 நிலைமாற்றிகளுக்கு 1,024 சேர்க்கைகள் உண்டு. ஆனால் அவற்றுள் எந்த இரண்டை எடுத்தாலும் அவ்விரண்டின் நான்கு நிலைகளும் ஒருமுறையேனும் வந்துவிடவேண்டும் என்று மட்டும் கேட்டால், 6 சோதனைகளுள் அதை அடக்கிவிடலாம். 34 நிலைமாற்றிகள் எனின் முழுச் சேர்க்கைகள் 1,700 கோடியைத் தாண்டும். எந்த மூன்றை எடுத்தாலும் அவற்றின் எல்லா நிலைகளும் வந்துவிடுமாறு அமைக்க 33 சோதனைகள் போதும். அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தில் ரிச்சர்ட் கூன் முதலியோர் உண்மையில் நிகழ்ந்த மென்பொருட் பழுதுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை ஒரு காரணத்தாலோ இரண்டின் சேர்க்கையாலோ நேர்ந்தவை எனக் கண்டனர். ஆறுக்கு மேற்பட்டவை கூடினால்தான் தோன்றும் பழுது அவர்கள் கண்ணிற் படவில்லை. உலகத்தின் தீமை எண்ணற்ற முறைகளில் பின்னிக்கிடப்பதாகத் தோன்றினாலும், அவ்வாய்வில் அகப்பட்ட முடிச்சுகள் சிறியவையாகவே இருந்தன. இணையிணையாய்ப் பொறுமையோடு பார்ப்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

குடும்பங்களில் இவ்வுண்மை நாள்தோறும் நிகழ்கிறது. மாமியார் தனியே நல்லவர். மருமகள் தனியே நல்லவள். ஒரு சமையலறையில் ஓராண்டு இருந்தால் வீடு இருண்டுவிடுகிறது. உறவினர்கள் கூடி இருவருள் குற்றவாளி யார் என்று நடுவர் மன்றம் அமைப்பார்கள். இரண்டு நல்லவர்களின் சிறு கசிவுகள் கூடி வரம்பை உடைத்திருப்பதை அந்த மன்றத்தால் காணவே முடியாது. அது குற்றவாளியைத் தேடுவதற்கென்றே கூட்டப்பட்டது. தீர்ப்பு எப்படியோ வழங்கப்பட்டுவிடும். தீர்ப்புப் பெற்றவர் இருபதாண்டுகள் அதைச் சுமந்து திரிவார்.

பழுது இருந்தும் வெளிப்படாதிருக்கும் நிலையையும் கருதவேண்டும். கதிர்மருத்துவத்துக்கான தெராக்-25 என்னும் பொறி 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளர்களுக்கு அளவுக்குமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். அதன் மென்பொருளில் இருந்த பிழைகளுள் ஒன்று, அதற்கு முந்தைய தெராக்-20 பொறியிலும் இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. அந்தப் பழைய பொறியில் தவறான அளவு வெளிப்படாதவாறு தடுக்கும் தனித் தடுப்புகள் வன்பொருளாகவே பொருத்தப்பட்டிருந்தன. பிழை நேர்ந்தபோதெல்லாம் அவை குறுக்கிட்டு நின்றன, யாருக்கும் தீங்கில்லை. ஆண்டுக்கணக்காய்த் தீங்கின்றி ஓடியதையே மென்பொருளின் நற்சான்றாகக் கொண்டு, புதிய பொறியில் அத்தடுப்புகளை அகற்றிவிட்டார்கள். சூழ்ந்து நிற்கும் காவலால் தவறாதிருப்பவரைத் தவறாதவர் என்று எண்ணி, காவலை விலக்கியபின் திகைத்து நிற்கும் பெற்றோரையும் முதலாளிகளையும் நாம் கண்டிருக்கிறோம். ஒன்றைச் சோதிக்கவேண்டுமெனில் அதன் தடுப்பு எது, அதன் இயல்பு எது என்று பிரித்தே சோதிக்கவேண்டும். அச்சோதனையும் தீங்கு நேராத இடத்தில் நடைபெறவேண்டும்.

சிறு அடையாளமாய் முன்வந்து நிற்கும் பழுதை வேறு வழியால் சுற்றிக் கடந்துபோவதன் விளைவை அப்போலோ-13 காட்டியது. அக்கலத்தின் உயிர்வளிக் கலன்களுள் ஒன்று, 1968-இல் வேறொரு கலத்திலிருந்து கழற்றப்பட்டபோது அதன் தாங்குதட்டோடு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நழுவி விழுந்தது. 1970 மார்ச்சில், ஏவுதலுக்கு முந்தைய ஒத்திகையின்போது, அந்தக் கலனிலிருந்து உயிர்வளி வழக்கம்போல் வடியவில்லை. அஃது ஒரு வினா, விடை தேடியிருக்கவேண்டும். உள்ளிருந்த சூடேற்றியை மணிக்கணக்கில் இயக்கி உயிர்வளியைக் கொதித்தெழச் செய்து வெளியேற்றினார்கள். சூடேற்றியின் வெப்பக் கட்டுப்பாட்டு நிலைமாற்றிகள் 28 வோல்ட் அழுத்தத்துக்கு வகுக்கப்பட்டவை. ஏவுதளத்தில் செலுத்தப்பட்டதோ 65 வோல்ட். நிலைமாற்றிகள் உருகி ஒட்டிக்கொண்டன, வெப்பம் கட்டின்றி ஏறியது, கம்பிகளின் காப்புறை கருகியது. வெளியிலிருந்த வெப்பமானி குறிப்பிட்ட அளவுக்குமேல் காட்டவல்லதன்று. ஆகவே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகவே தோன்றியது. ஏப்ரல் 11-இல் கலம் புறப்பட்டது. 13-இல் நிலவுக்குச் செல்லும் வழியில் அந்தக் கலன் வெடித்தது. கலத்திலிருந்த மூவரும் உயிரோடு திரும்பியது அவர்களுடைய திறத்தாலும் தரையிலிருந்தவர்களுடைய திறத்தாலும். கலன் வடியாத அந்த நாளில் அங்கிருந்த எவரும் சோம்பேறியல்லர், தீயவரும் அல்லர். வேலை முடிந்தாகவேண்டும் என்ற நல்ல நோக்கமே அவர்களை வினாவிலிருந்து விலக்கி அழைத்துச் சென்றது.

எல்லாவற்றினும் கடினமானது, சோதிக்கும் கருவியையே ஐயுறுதல். ஹபிள் விண்தொலைநோக்கியின் 2.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடியை 1981-இல் மெருகிட்டு முடித்தபோது, அதன் வளைவை அளக்க மிகத் துல்லியமானதென்று கருதப்பட்ட ஓர் ஒளியியற் கருவியைப் பயன்படுத்தினார்கள். அக்கருவியின் ஒரு வில்லை, இருக்கவேண்டிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் விலகி அமைந்துவிட்டது. இடைவெளியை அளக்கும் கோலின் முனைமூடியில் பூச்சு சிறிது உதிர்ந்திருந்தது. அளவுக்கான ஒளி கோலின் முனைக்குப் பதிலாக அந்த மூடியில் பட்டுத் திரும்பியதே காரணம். பிழையான கருவி காட்டிய வழியில் ஆடியை மிகத் துல்லியமாகப் பிழையாகவே தேய்த்தார்கள். விளிம்பில் நேர்ந்த வேறுபாடு 2.2 மைக்ரோமீட்டர், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு.

வேறு இரண்டு சோதனைகள் பிழையைச் சுட்டிக்காட்டின என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. அவை துல்லியம் குறைந்த கருவிகளால் நிகழ்த்தப்பட்டவை. ஆகையால் அவற்றின் சொல் ஒதுக்கித் தள்ளப்பட்டது. துல்லியம் குறைந்த கருவி சிறு பிழைகளைக் காண இயலாததாயிருக்கலாம்; பெரும் பிழையைக் காணும் கண் அதற்கு உண்டு. கற்றவர் அவையில் கல்லாதவர் ஒருவர் எழுந்து ஏதோ கோணலாய்த் தெரிகிறது என்று சொன்னால், எவ்வளவு கோணல் என்று அவரால் அளந்து சொல்ல முடியாது என்பதற்காக, கோணலே இல்லை என்று முடிவுசெய்துவிடும் செருக்கு இது. உறுப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, விண்மீன் ஒளி உள்ளே நுழைந்து படமாய் வெளிவரும்வரை முழுத் தொலைநோக்கியையும் தரையில் சோதிக்கும் பெருஞ்சோதனையும் செலவு கருதிக் கைவிடப்பட்டிருந்தது. முதன்மை ஆடிக்கு ஒரே சான்று, அந்த ஒரு கருவி. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட தொலைநோக்கி அனுப்பிய முதற்படங்கள் மங்கியிருந்தன.

லூ ஆலன் என்பவர் தலைமையில் அமைந்த குழு காரணம் காண முற்பட்டது. ஏறத்தாழ பத்தாண்டுகள் கழிந்திருந்தன. ஆடியோ விண்ணில் இருந்தது. ஆனால் அந்த ஒளியியற் கருவியை யாரும் கலைக்கவில்லை. ஆடியை அளந்த அன்று எவ்வாறு அமைக்கப்பட்டிருந்ததோ அவ்வாறே அது ஆலையில் காக்கப்பட்டிருந்தது. ஒதுக்கித் தள்ளப்பட்ட இரு சோதனைகளின் படப்பதிவுகளும் அழிக்கப்படாமல் கோப்பில் இருந்தன. தம் கணிப்புக்கு மாறாய்ப் பேசியவற்றை நம்ப மறுத்தவர்கள் அவற்றைக் கிழித்தெறியவும் இல்லை. கருவியை அளந்தபோது 1.3 மில்லிமீட்டர் வெளிப்பட்டது. பழைய பதிவுகள் காட்டிய கோணலும் அதனோடு ஒத்துநின்றது. பிழை இன்ன இடத்தில், இன்ன அளவு என்று ஐயந்திரிபற வரையறுக்கப்பட்டதால், அதற்கு நேர்மாறான அளவில் திருத்தாடிகளைத் தேய்க்க முடிந்தது. 1993 டிசம்பரில் எழுவர் கொண்ட குழு விண்ணிற் சென்று, ஐந்து முறை கலத்தைவிட்டு வெளியேறி, பழுதுநீக்கும் பணியோடு அத்திருத்தங்களையும் பொருத்திவிட்டுத் திரும்பியது.